வீட்டு மேசையில் ஒரு கைமணிக்கூடு

கடையில் எட்டாயிரம் டொலருக்கு விற்கும் மணிக்கூட்டையும் வீட்டில் முந்நூறு டொலருக்குள் கோர்த்த மணிக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எட்ட நின்று பார்ப்பவருக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பவருக்கு உடனே தெரியும். அந்த வேறுபாடு எங்கே இருக்கிறது, அதில் எதை நம் கையால் குறைக்கலாம், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். மணிக்கூட்டின் ஒவ்வொரு சக்கரத்தையும் தன் கையால் வெட்டிச் செய்தவர்கள் உண்டு. அவர்களில் பெரியவர் இங்கிலாந்தின் ஜோர்ஜ் டானியல்ஸ். அவரிடம் ரொஜர் ஸ்மித் என்ற இளைஞர், தான் தனியாகச் செய்த முதல் சட்டைப்பை மணிக்கூட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். அது போதாது என்று சொல்லி டானியல்ஸ் திருப்பி அனுப்பினார். ஸ்மித் பல ஆண்டுகள் உழைத்து இரண்டாவதைச் செய்த பிறகுதான் பெரியவர் தலையாட்டினார். ஸ்மித் முறையாகத் தொழிற்பள்ளியில் கற்றவர் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அது வாழ்நாள் வேலை. நாம் செய்யப்போவது, ஆயத்தமாக வரும் உறுப்புகளை வாங்கிச் சுத்தமாகக் கோர்ப்பதும், ஓரிரு உறுப்புகளை நாமே மெருகேற்றுவதும்தான். கோர்க்கும் வேலையை ஒரு குளிர்காலத்தில் முடிக்கலாம்.

மெஷினைத் தெரிவு செய்தல்

மணிக்கூட்டை உள்ளிருந்து ஓட்டும் மெஷினை முதலில் தீர்மானியுங்கள். டயல், முள், கேஸ் எல்லாம் அதன் அளவுக்குத்தான் வரும். தொடங்குபவருக்கு என் பரிந்துரை சீக்கோ குழுமத்தின் என்எச்35. குறுக்களவு 27.4 மி.மீ., உயரம் 5.32 மி.மீ., 24 கற்கள். மணிக்கு 21,600 அடிப்பு. முழுதாகச் சாவி கொடுத்தால் 41 மணி நேரம் ஓடும். சீக்கோ தன் சொந்த மணிக்கூடுகளில் இதையே 4ஆர்35 என்ற பெயரில் வைக்கிறது. மத்திய கிழக்கில் வேலை செய்த சித்தப்பாமார் கொண்டுவந்த பழைய சீக்கோ ஃபைவ் நினைவிருக்கும். அவற்றில் பலவற்றுக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது; கையை ஆட்டித்தான் ஓடவைக்க வேண்டும். என்எச்35 இரண்டுக்கும் இடம் தருகிறது. விலை ஐம்பது டொலர் அளவில் இருப்பதால், பழுதாகிவிட்டாலும் மனம் உடையாது.

இதன் குறை தடிப்பு. மெஷினே 5 மி.மீ.க்கு மேல் என்றால், கண்ணாடியும் அடிமூடியும் சேர்ந்து கேஸ் 11 முதல் 13 மி.மீ. வரை போகும். சட்டைக் கைக்குள் நுழையும் மெல்லிய மணிக்கூடு வேண்டுமென்றால் சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 9015 ஐப் பாருங்கள். அதன் உயரம் 3.9 மி.மீ., அடிப்பு மணிக்கு 28,800. முள் ஓட்டம் இன்னும் வழுவழுப்பாக இருக்கும், விலை கூட. ஓசூரில் டைட்டன் 2002 இல் வெளியிட்ட எட்ஜ் மணிக்கூட்டின் மொத்தத் தடிப்பே 3.5 மி.மீ.தான். ஆனால் அது பற்றரியில் ஓடும் குவார்ட்ஸ். தானியங்கி மெஷினில் அந்த மெலிவை வீட்டில் எதிர்பார்க்க வேண்டாம்.

திகதி வேண்டுமா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். திகதி யன்னல் இல்லாத டயலை என்எச்35 இல் வைத்தால், உள்ளே திகதித் தட்டு யாருக்கும் தெரியாமல் சுழன்றுகொண்டிருக்கும்; சாவிக் குமிழை இழுத்தால் பயனில்லாத ஒரு நிலை இடையில் தட்டுப்படும். அதே குடும்பத்தில் திகதி இல்லாத என்எச்38 இருக்கிறது. ஆடம்பரத் தோற்றத்துக்கு அதுவே நல்லது. டயல் சமச்சீராக இருக்கும், கோர்ப்பதும் ஒரு படி எளிது.

டயலில் யாருடைய பெயர்?

பெரிய சுவிஸ் நிறுவனத்தின் சின்னம் அச்சிட்ட டயல்கள் இணையத்தில் இருபது டொலருக்குக் கிடைக்கும். வாங்காதீர்கள். ஒரு வடிவமைப்பின் சாயலில் செய்வது வேறு. பிறர் சின்னத்தைப் போடுவது போலி செய்வது. 2015 முதல் கனடாவின் எல்லைச் சேவை அதிகாரிகளுக்குப் போலிச் சின்னமிட்ட பொருள்களைத் தடுத்து வைக்கும் அதிகாரம் இருக்கிறது. அப்படிச் செய்ததை விற்பது குற்றமும்கூட. சின்னம் எதுவும் இல்லாத வெறும் டயல் கேளுங்கள், தாராளமாகக் கிடைக்கும். அதுவே அழகு. பெயர் வேண்டுமென்றால் உங்கள் பெயரின் முதலெழுத்தையோ ஊரின் பெயரையோ அச்சிட்டுத் தரும் சிறு அச்சகங்கள் உண்டு. சிறிய தமிழ் எழுத்து 12 மணிக்குக் கீழே மிக நன்றாக அமரும்.

சாமானும் செலவும்

கேஸ் 316எல் உருக்கில், 38 முதல் 40 மி.மீ. வரை, உங்கள் மெஷினுக்கென்று குறிப்பிட்டதாக இருக்கட்டும். கண்ணாடி சஃபயர் ஆக இருக்க வேண்டும். மோஸ் கடினத்தில் அது 9. வைரம் போன்ற ஒரு சிலவே அதை வெல்லும். சாதாரண கனிமக் கண்ணாடி ஓராண்டில் கீறல் விழுந்து முழு வேலையையும் மலிவாகக் காட்டிவிடும். டயலின் குறுக்களவு பெரும்பாலும் 28.5 மி.மீ.; மணிக் குறிகள் அச்சாக இல்லாமல் தனித் துண்டுகளாக ஒட்டியவையாக இருக்கட்டும். முள் வாங்கும்போது துளை அளவைப் பாருங்கள்: என்எச்35க்கு மணி முள் 1.50, நிமிட முள் 0.90, செக்கன் முள் 0.20 மி.மீ. நிமிட முள்ளின் நுனி நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும். மணி முள் குறிகளின் உள்விளிம்போடு நிற்க வேண்டும். குட்டை முள் போட்ட டயல்தான் மலிவு மணிக்கூட்டின் முதல் அடையாளம்.

கருவிகள்: பத்து மடங்கு பூதக்கண்ணாடி, நுனி கூரிய சாவணம் ஒன்று, முள் தூக்கப் பித்தளைச் சாவணம் ஒன்று, 0.8 முதல் 1.6 மி.மீ. வரையான திருப்புளிகள், முள் அழுத்தும் கருவி, மெஷின் பிடி, விரல் உறைகள், றப்பர் ஊதுபந்து, தூசு ஒற்றியெடுக்கும் ரோடிகோ என்ற பசை, வேணியர் இடுக்கி, வெட்டுக்குறடு, நுண் அரம், அடிமூடி திறக்கும் சாவி. சாவிக் குமிழை மெஷினோடு இணைக்கும் சாவித் தண்டு மட்டும் இரண்டு வாங்குங்கள். காரணம் பின்னால் வரும். எல்லா உறுப்புகளும் 200 முதல் 300 டொலருக்குள் அடங்கும். கருவிகளுக்கு இன்னும் நூறு அளவில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பொதிக்குக் கியூபெக்கில் 5 வீதமும் 9.975 வீதமும் இரண்டு வரிகள் விழும் என்பதைக் கணக்கில் சேருங்கள்.

மேசை, தூசு, பருவம்

நாம் வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் மொன்றியலில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் இடங்களில் ஒன்று. தனி வேலையறை யாருக்கும் இருக்காது. சாப்பாட்டு மேசை போதும், சில கட்டுப்பாடுகளோடு.

தாளித்த குசினிக்குப் பக்கத்தில் வேலை செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் காற்றில் மிதந்து கண்ணாடியின் உட்பக்கத்தில் படியும். கேஸை மூடிய பிறகு அதைத் துடைக்க வழியில்லை. சமையலுக்கு முன், காலையில் உட்காருங்கள். மேசையில் வெள்ளைத் தாள் விரியுங்கள். மேசையின் உயரம் நெஞ்சுக்குக் கிட்ட வர வேண்டும். முழங்கை இரண்டும் ஊன்றி இருந்தால்தான் கை ஆடாது. மடியில் ஒரு துணியை விரித்து அதன் மறு ஓரத்தை மேசையில் கிளிப் போடுங்கள். தவறும் முள் கம்பளத்தில் விழாமல் துணியில் விழும்.

அடுத்தது பருவம். இந்த ஊரில் அதைக் கவனிக்காமல் மணிக்கூடு கோர்க்க முடியாது. ஜனவரியில் ஹீற்றர் ஓடும் வீட்டில் காற்று மிகவும் வறண்டுபோகும். கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்தால் உடலில் நிலைமின் ஏறி, டயலும் கண்ணாடியும் தூசை இழுத்துப் பிடிக்கும். பருத்திச் சட்டை போடுங்கள். அறையில் ஈரப்பதமூட்டியைச் சற்று ஓடவிடுங்கள். யூலையில் கதை தலைகீழ். தூசு ஒட்டாது, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். 23 பாகை வெப்பத்தில் 60 வீத ஈரப்பதன் உள்ள அறையில் கேஸை மூடினால், உள்ளே அடைபட்ட காற்று 15 பாகைக்குக் கீழே குளிர்ந்தாலே அதிலுள்ள ஈரம் நீராக ஒதுங்கத் தொடங்கும். பெப்ரவரியில் பார்க் மெட்ரோவை விட்டு வெளியே வந்ததும் கண்ணாடியின் உட்பக்கம் புகைமூட்டம் பிடிக்கும். 20 பாகையில் 30 வீத ஈரப்பதன் உள்ள அறையில் மூடினால் அந்த எல்லை 2 பாகைக்கு இறங்கிவிடும். எனவே அரத்தால் தேய்ப்பது, மெருகேற்றுவது எல்லாம் கோடையில். கேஸை மூடுவது குளிர்காலத்தில்.

கோர்க்கும் வரிசை

1. மெஷினைச் சோதியுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் சாவி கொடுத்து ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். கைபேசிச் செயலியிலோ நேரஅளவிக் கருவியிலோ ஓட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி தூக்குகோணம் கேட்டால் என்எச்35க்கு 53 பாகை. பிறகு குறை வந்தால் அது மெஷினின் குறையா உங்கள் கையின் குறையா என்று தெரிய இந்தக் குறிப்பு வேண்டும்.

2. தண்டைக் கழற்றுங்கள். தண்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு குழிவை மெல்ல அழுத்தினால் தண்டு வெளியே வரும். சாவிக் குமிழ் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் வரைபடத் தாளில் பார்த்துச் செய்யுங்கள். பலமாக அழுத்தினால் உள்ளே உள்ள நெம்புகள் இடம் மாறிவிடும்.

3. டயலைப் பொருத்துங்கள். பின்னால் உள்ள கால்கள் துளைகளில் நேராக இறங்க வேண்டும். கால் வளைந்தால் உடைந்துவிடும். தள்ளாமல், சரித்துப் பார்த்து இறக்குங்கள். விரல் உறை இல்லாமல் டயலைத் தொடக்கூடாது.

4. தண்டை மீண்டும் செருகி, முட்களை வையுங்கள். திகதி உள்ள மெஷின் என்றால், சாவிக் குமிழைச் சுற்றிக்கொண்டே வந்து திகதி மாறும் அந்தக் கணத்தில் நிறுத்துங்கள், அதுதான் நள்ளிரவு. மணி முள்ளை 12க்கு நேராக வைத்து அழுத்துங்கள். பிறகு நிமிட முள், அதுவும் 12க்கு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒரே கோடாக நிற்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தையும் கையால் சுற்றி, 3, 6, 9 மணிகளில் பக்கவாட்டில் இருந்து பாருங்கள். முள் முள்ளையோ மணிக் குறியையோ உரசக்கூடாது.

5. செக்கன் முள். இந்த அத்தியாயத்தின் மிகக் கடினமான வேலை இதுதான். துளை 0.20 மி.மீ. என்பதால் கண்ணால் குறி பார்க்க முடியாது. முள்ளை ரோடிகோவின் நுனியில் ஒட்டிக் கொண்டுபோய், அச்சின் மேல் அமர்ந்ததை உணர்ந்த பிறகே அழுத்துங்கள். கை நடுங்கினால் விட்டுவிட்டு எழுந்து போங்கள். அன்றைக்கே முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

6. தண்டை மறுபடி கழற்றி, தூசு நீக்கிக் கேஸில் இறக்குங்கள். கண்ணாடியின் உட்பக்கத்தை ஊதி, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தூசு தெரியாது.

7. தண்டை வெட்டுங்கள். புதுத் தண்டு நீளமாகத்தான் வரும். சாவிக் குமிழைத் திருகி உள்ளே செருகி, குமிழுக்கும் கேஸுக்கும் இடையே உள்ள இடைவெளியை வேணியர் இடுக்கியால் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை விடக் குறைவாகவே வெட்டுங்கள். மீதியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் போட்டுப் பாருங்கள். நீளமான தண்டைக் குறைக்கலாம். குட்டையானதை நீட்ட முடியாது. இரண்டு தண்டு வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

8. மூடுங்கள். றப்பர் வளையத்தில் சிலிக்கன் கிறீசை மெல்லப் பூசி அடிமூடியைப் பூட்டுங்கள். அழுத்தக் கருவி வைத்திருக்கும் மணிக்கூட்டுக் கடையில் நீர்ச்சோதனை செய்யும்வரை அதோடு நீச்சல் குளத்தில் இறங்காதீர்கள். கேஸில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஆடம்பரம் எங்கிருந்து வருகிறது

1972 இல் ஓடெமார் பிகே நிறுவனம் ரோயல் ஓக் என்ற மணிக்கூட்டை வெளியிட்டது. வரைந்தவர் ஜெரால்ட் ஜென்டா. அது வெறும் உருக்கு; ஆனால் பல தங்க மணிக்கூடுகளைவிட விலை அதிகம். மாற்றுத் தோற்றம் தந்தது மேற்பரப்பு வேலை. கோடு கீறிய மங்கலான தளமும் கண்ணாடிபோல் மின்னும் சரிவும் ஒன்றையொன்று சந்திக்கும் விளிம்பு அதில் கத்தி முனைபோல் கூராக இருந்தது. கிராண்ட் சீக்கோ மணிக்கூடுகளில் ஸரட்சு என்று சொல்லப்படும் மெருகு முறையின் நோக்கமும் அதுதான்: தளம் தட்டையாக, விளிம்பு மழுங்காமல் இருப்பது.

இதை வீட்டில் ஓரளவு செய்யலாம். மலிவான கேஸில் எல்லா விளிம்பும் உருண்டிருக்கும். முதலில் கேஸை வெறுமையாக்குங்கள். உருக்குத் தூள் மெஷினுக்குள் போனால் அதோடு முடிந்தது. கண்ணாடியை நாடாவால் மூடுங்கள். தட்டையான கட்டையில் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, பட்டி பூட்டும் கொம்புகளின் மேற்தளத்தை ஒரே திசையில் மட்டும் இழுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் கோடுகள் குழம்பும். பிறகு அந்தத் தளத்தை நாடாவால் மூடி, பக்கச் சரிவை 1000, 2000, 3000 என்று ஏறி, கடைசியில் வைரப் பசையால் மெருகேற்றுங்கள். துணிச் சக்கரம் பூட்டிய மின்கருவியைத் தொடாதீர்கள். ஒரு நிமிடத்தில் விளிம்பை உருட்டிவிடும்.

நீல முள் இன்னொரு ஆசை. உண்மையான நீலம் சாயம் அல்ல. மெருகேற்றிய கார்பன் உருக்கை 300 பாகைக்குக் கிட்டச் சூடாக்கும்போது மேற்பரப்பில் படியும் மெல்லிய ஒக்சைட்டுப் படலம் அது. வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, பிறகு நீலம் என்று வரிசையாக மாறும். நீலத்தில் எடுக்காவிட்டால் சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். பித்தளைத் துகள் பரப்பிய சிறு தட்டில் முள்ளை வைத்துக் கீழிருந்து மெல்லச் சூடாக்க வேண்டும். கைரேகை எண்ணெய் ஒரு துளி இருந்தாலும் அந்த இடம் நிறம் மாறாது. மலிவாகக் கிடைக்கும் முட்களில் பெரும்பகுதி பித்தளை என்பதால் அவை நீலமாகவே மாறாது. காந்தத்தால் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். அடுக்குமாடியில் திறந்த நெருப்பு வேண்டாம், மின்தட்டு போதும்.

நேரம் பார்த்தல்

என்எச்35க்குத் தயாரிப்பாளர் தரும் எல்லை, நாளொன்றுக்கு 20 செக்கன் பிந்துவதிலிருந்து 40 செக்கன் முந்துவது வரை. சுவிஸ் குரோனோமீற்றர் சான்றிதழுக்கு அது 4 பிந்தல், 6 முந்தல். நம் வீட்டுப் பக்கத்து வரலாறும் கண்டிப்பானதுதான். ஜோன் தலோன் தெருவில் பார்க் மெட்ரோவை ஒட்டி நிற்கும் பழைய கனேடியப் பசிபிக் ரயில் நிலையம் 1931 இல் கட்டியது. அந்தக் காலத்து ரயில் ஊழியர்களின் மணிக்கூடு வாரத்துக்கு 30 செக்கனுக்கு மேல் தவறக்கூடாது. குறித்த நாளில் பரிசோதகரிடம் காட்டவும் வேண்டும். பொறுமையாகச் சரிசெய்தால் என்எச்35 அதற்குக் கிட்ட வரும்.

ஒப்பிட நல்ல நேரம் வேண்டும். 1939 முதல் வானொலியில் மதியம் ஒரு மணிக்கு ஒலித்த நேரக் குறியைச் சிபிசி 2023 இல் நிறுத்திவிட்டது. ஆனால் ஒட்டாவாவிலிருந்து தேசிய ஆய்வு மன்றத்தின் சிஎச்யூ நிலையம் 3330, 7850, 14670 கிலோஹேர்ட்ஸ் சிற்றலைகளில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நேரம் சொல்கிறது. தினமும் ஒரே வேளையில் ஒப்பிட்டு, ஒரு வாரம் எழுதி வையுங்கள். பிறகே ஒழுங்காக்கும் நெம்பைத் தொடுங்கள். அங்கே இரண்டு நெம்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று வேகத்துக்கு, மற்றது அடிப்பின் சமநிலைக்கு. இரண்டாவதைத் தொடாதீர்கள். முதலாவதையும் மயிரிழை அளவே நகர்த்துங்கள். நாளுக்கு 10 செக்கன் என்பது 86,400 இல் பத்து, அதாவது நூற்றுக்கு 0.012 வீதம்தான்.

கோளாறும் காரணமும்

ஒரே நேரத்தில் நின்றுபோகிறதா? முட்கள் ஒன்றையொன்று உரசுகின்றன; பக்கவாட்டில் பாருங்கள். திடீரென்று நாளுக்கு நிமிடக் கணக்கில் முந்துகிறதா? காந்தம் ஏறியிருக்கிறது, கைபேசி ஒலிபெருக்கி, பையின் காந்தப் பூட்டு போன்றவை காரணம். காந்தம் நீக்கும் சிறு கருவி இருபது டொலருக்குள் கிடைக்கும். திகதி நண்பகலில் மாறுகிறதா? மணி முள்ளைத் தவறான நேரத்தில் வைத்திருக்கிறீர்கள். கழற்றி மீண்டும் வையுங்கள். திகதி மாற்றி உடைந்ததா? நள்ளிரவுக்கு முன்னும் பின்னும் சில மணி நேரம் திகதியை விரைவாக மாற்றக்கூடாது. அப்போது பற்கள் கோர்த்திருக்கும். கண்ணாடியில் புகைமூட்டமா? வறண்ட நாளில் திறந்து, ஓர் இரவு வைத்து, மீண்டும் மூடுங்கள்.

முடிவாக

காசை மூன்று இடத்தில் செலவிடுங்கள்: சஃபயர் கண்ணாடி, சரியான நீளமுள்ள முள், ஒட்டிய குறிகளுள்ள டயல். நேரத்தை இரண்டு இடத்தில் செலவிடுங்கள்: தூசு நீக்குவது, கேஸின் விளிம்பு. மெஷினைப் பிரித்து எண்ணெயிடும் ஆசை இப்போதைக்கு வேண்டாம். அது தனித் தொழில். அதைக் கற்க விரும்பினால், மொன்றியலிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீற்றரில் உள்ள ட்ருவா-ரிவியேர் நகரில் கடிகாரத் தொழிலைப் பிரெஞ்சில் கற்பிக்கும் பள்ளி இருக்கிறது. பிள்ளைகளில் யாருக்காவது கைவேலையில் நாட்டம் இருந்தால் அந்தப் பள்ளியைப் பற்றி அவர்கள் காதில் போட்டு வையுங்கள். அதற்கு முன், இந்தக் குளிர்காலத்தில் ஒரு மணிக்கூட்டை அவர்களோடு சேர்ந்து கோர்த்துப் பாருங்கள்.